கூட்டம் போகாத இடங்களில் படம் எடுக்க: முதல் பயணத்துக்கான வழிகாட்டி

பெயர்பெற்ற காட்சிமுனைகளில் எல்லோரும் ஒரே தடுப்புக் கம்பியில் கை ஊன்றி, ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் படம் எடுக்கிறார்கள். அதனால் படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இதிலிருந்து விலக நினைக்கும் புதியவர்கள் இன்னும் தொலைவான, இன்னும் கடினமான இடத்தைத் தேடிப் போகிறார்கள். அது தேவையே இல்லை. கூட்டம் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். தூரத்தைவிட முக்கியம் நேரம். ஒரே இடத்தை வேறு வேறு வெளிச்சத்தில் பார்க்க நேரம் வேண்டும். காத்திருக்க நேரம் வேண்டும். அங்கே இருப்பவர்களோடு பேச நேரம் வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி, அந்த நேரத்தை உண்டாக்கிக்கொள்வதற்கானவைதான்.

படி 1: ஒரே ஊரில் மூன்று இரவு

மூன்று நாளில் மூன்று ஊர் என்று திட்டம் போடாதீர்கள். ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி, அதைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் மட்டும் அலையுங்கள். முதல் நாள் இடம் பிடிபடவே போய்விடும். மழையோ மூட்டமோ ஒரு நாளைத் தின்றாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். காலையில் பார்த்துவைத்த இடத்துக்கு மாலையில் திரும்பிப் போகலாம்.

தங்கும் ஊரை எப்படித் தேர்வது? திரும்பி வரும் வசதியைப் பார்த்துத்தான். நல்ல வெளிச்சம் சூரியன் மறைந்த பிறகும் அரை மணிநேரம் நீடிக்கும். கடைசிப் பேருந்து அதற்கு முன்பே போய்விட்டால் அந்த இடத்தின் மாலைப் படம் உங்களுக்கு இல்லை. அறையை முன்பதிவு செய்வதற்கு முன் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள். பலர் இதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

படி 2: வரைபடத்தில் இடம் தேடுவது

இந்த வேலைக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். பயணத்தின் தரம் பாதிக்குமேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்துவரும் வரைபடம் இது. கார் போகும் சாலைகளோடு ஒற்றையடிப் பாதை, படிக்கட்டு, கிணறு, பழைய கல்குவாரி, கைவிடப்பட்ட ரயில் தடம் போன்றவையும் இதில் பல பகுதிகளில் குறிக்கப்பட்டிருக்கும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் ஆகிய செயலிகளில் அதைத் தரவிறக்கி, இணையம் இல்லாமலே பயன்படுத்தலாம்.

எதைத் தேட வேண்டும் என்பதுதான் கேள்வி. சாலை எங்கே நீரில் போய் முடிகிறது என்று பாருங்கள். அங்கே படகுத்துறை இருக்க வாய்ப்பு உண்டு. ஆறு சட்டென்று வளையும் இடத்துக்கு அருகில் உயரம் இருந்தால் வளைவு முழுவதும் ஒரே சட்டகத்தில் வரும். சமஉயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே சரிவு. நெருங்கிய கோடுகள் திடீரென்று அகலும் மேல் விளிம்பில் நின்றால் கீழே உள்ள சமவெளி திறந்து கிடக்கும். வேறு எங்கும் போகாத முட்டுச் சாலைகளையும் விடாதீர்கள். கடந்துபோக வழி இல்லாததால் வண்டிகள் அங்கே வருவதில்லை.

கிடைத்த இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் சரிபாருங்கள். வழக்கமான வரைபடச் செயலிகளில் தெரியும் படம் சில ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். ஏரியில் இப்போது தண்ணீர் இருக்கிறதா, வயல் பச்சையா காய்ந்து கிடக்கிறதா என்று அறிய, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர் என்ற அளவில் இருப்பதால் வீடு தெளிவாகத் தெரியாது. நீரின் விளிம்பு நன்றாகவே தெரியும். சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்படம் வரும். மேகம் மறைத்திருந்தால் அதற்கு முந்தைய தேதிக்குப் போங்கள்.

அடுத்து, அந்தப் பகுதியின் பெயரைப் போட்டு மற்றவர்கள் எடுத்த படங்களைத் தேடுங்கள். நகலெடுப்பதற்காக அல்ல. எந்தக் கோணம் தேய்ந்துபோயிருக்கிறது, கேமராவுக்குப் பின்பக்கம் யாருமே எடுக்காமல் விட்டது எது என்று தெரிந்துகொள்ள.

கடைசியில் பத்து இடங்களுக்கு மேல் குறிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘காலை’, ‘மாலை’, ‘மூட்டம்’ என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். நடக்கும் நேரத்தையும் கணக்கிட்டுவிடுங்கள். மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 4 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 78 நிமிடம். நின்று நின்று படம் எடுக்கிறவர் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்; ஏறக்குறைய இரண்டு மணிநேரம். இந்தப் பெருக்கலை விட்டுவிடுகிறவர்கள்தான் நல்ல வெளிச்சம் போன பிறகு மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் பாதை இருக்கிறது என்பதாலேயே அது பொதுவழி ஆகிவிடாது. தனியார் தோட்டம், காட்டுத் துறையின் எல்லை, ராணுவ நிலம் எதன் வழியாகவும் அது போகலாம். போகும் வழியில் முதலில் பார்க்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிடுங்கள். எந்தச் செயலியிலும் இல்லாத தகவல், பாலம் உடைந்திருப்பது முதல் நாய் கட்டாமல் இருப்பது வரை, அவரிடம்தான் கிடைக்கும்.

படி 3: வெளிச்சத்தின் கணக்கு

சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி மேலே இருப்பதிலிருந்து 4 டிகிரி கீழே போவது வரை உள்ள வெளிச்சம் இளஞ்சூடான பொன்னிறம். அதற்கும் கீழே, 6 டிகிரி வரை, நீலம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக, மணிக்கு 15 டிகிரி வேகத்தில் இறங்கும். அதனால் அங்கே பொன்னிறம் 40 நிமிடம்தான்; நீலம் 8 நிமிடம்தான். துருவங்களை நோக்கிப் போகப்போகச் சூரியன் சாய்வாக இறங்குவதால் இரண்டும் நீளும். வெப்பமண்டலத்தில் இருப்பவர் நிதானமாக ட்ரைபாடை விரிக்க முடியாது. சூரியன் மறைந்த 15-ஆவது நிமிடத்தில் சட்டகம் தயாராக இருக்க வேண்டும். தெருவிளக்கின் ஒளியும் வானத்தின் ஒளியும் சமமாக நிற்கும் அந்தச் சில நிமிடங்களை விட்டால் வானம் கறுத்துவிடும்.

எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்பதைச் சன்கால்க் இணையதளமோ ஃபோட்டோபில்ஸ் செயலியோ சொல்லிவிடும். ஆனால் அவை தரும் அஸ்தமன நேரம் திறந்த தொடுவானத்துக்கானது. பள்ளத்தாக்கில் மேற்கே ஒரு மலை இருந்தால் சூரியன் ஒரு மணிநேரம் முன்பே போய்விடலாம். களத்தில் இதை அளக்க கையை முழுதாக நீட்டி முட்டி பிடியுங்கள். முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. மலைமுகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு முட்டி இடம் இருந்தால், வெப்பமண்டலத்தில் உங்களுக்கு 40 நிமிடம் இருக்கிறது. ‘ஒரு விரலுக்கு 15 நிமிடம்’ என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கை அங்கே நம்பினால் பாதி நேரத்திலேயே சூரியன் மறைந்துவிடும். அளக்கும்போது கையால் சூரியனை மறைத்துக்கொள்ளுங்கள், நேராகப் பார்க்காதீர்கள்.

மேகமூட்டமான நாள் வீணான நாள் அல்ல. காடு, அருவி, முகங்கள், குறுகலான தெரு எல்லாம் நிழல் வெட்டு இல்லாத அந்த வெளிச்சத்தில்தான் நன்றாக வரும். வானத்தை மட்டும் சட்டகத்திலிருந்து நீக்கிவிடுங்கள். உச்சிவெயிலில் கட்டடங்களின் உட்புறம், வாசற்படி நிழல் என்று எடுக்கலாம். இல்லையென்றால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு, மாலை எங்கே நிற்பது என்று திசைகாட்டியோடு இடம் பார்த்துவைப்பதுதான் அந்த நேரத்துக்குச் சரியான வேலை.

படி 4: பை

முதல் பயணத்துக்குக் கைபேசியே போதும். கேமரா வைத்திருந்தால் ஒரு பாடி, ஒரு லென்ஸ் (பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் என்றால் 24–70 மி.மீ., அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி என்றால் 18–55). கூடவே 1 முதல் 1.5 கிலோ எடையுள்ள ட்ரைபாட், ஒரு போலரைசர் (பளபளப்பைக் குறைத்து வானத்தின் நீலத்தைக் கூட்டும் வடிகட்டி), தூசி ஊதும் குழல், மைக்ரோஃபைபர் துணி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை மூன்று, தலையில் மாட்டும் டார்ச். டார்ச் கேமராவுக்கு இணையான முக்கியம் உள்ளது. திரும்பி வருவது எப்போதும் இருட்டில்தான்.

128 ஜிபி கார்டு ஒன்றைவிட 64 ஜிபி கார்டு இரண்டு மேல். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்பி வரும் என்று வைத்தால், ரா மட்டும் பதியும்போது ஒரு 64 ஜிபி கார்டில் 2,000 படங்கள் கொள்ளும். கூடுதல் பேட்டரி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். விமானத்தில் கூடுதல் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவர் வரை பொதுவான வரம்பு. 160 வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-அவர், வரம்புக்குள் வந்துவிடும்.

படி 5: அமைப்புகள்

கேமராவின் கடிகாரத்தைப் போகும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். பிறகு கைபேசி பதிந்த ஜிபிஎஸ் தடத்தோடு (நீங்கள் போன வழியின் பதிவு) படங்களைப் பொருத்தும்போது இது தவறாக இருந்தால் எல்லாப் படமும் தப்பான இடத்தில் போய் உட்காரும். ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியட்டும். அப்பர்ச்சர் முன்னுரிமை மோட்: லென்ஸ் துளையின் அளவை (எஃப் எண்) நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்; எண் கூடினால் துளை சிறியது. நிலக்காட்சிக்கு எஃப்/8, முகத்துக்கு எஃப்/4 அல்லது அதைவிட அகலம். எஃப்/16-க்கு மேல் போனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி முழுப் படமும் மழுங்கும். ஐஎஸ்ஓ-வை (ஒளிக்கான உணர்திறன் அளவு) தானியங்கியில் விட்டு, மேல்வரம்பை 6400 என்று வையுங்கள். பழைய கேமரா என்றால் 3200. குறைந்தபட்ச ஷட்டர் வேகம், அசையாதவற்றுக்கு 1/125 விநாடி, நடப்பவருக்கு 1/250, ஓடுவதற்கு 1/500.

பனிமூட்டமும் வெண்மணலும் சாம்பல் நிறமாக வருவதாகப் புதியவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் மூடுபனிக்கு எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) +0.7 முதல் +1 வரையும், வெண்மணலுக்கும் உறைபனிக்கும் +1 முதல் +2 வரையும் கூட்டுங்கள். இருண்ட காட்டுக்கும் கறுத்த கதவுக்கும் –0.7 வரை குறையுங்கள். போலரைசர் சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் நன்றாக வேலை செய்யும். மிக அகன்ற லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும்.

கைபேசியில் முதல் வேலை, லென்ஸைத் துடைப்பது. விளக்குகளைச் சுற்றிப் பால்போல் பரவும் ஒளி பெரும்பாலும் விரல் எண்ணெய்தான். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டி, வானம் வெளுத்தால் விரலைக் கீழே இழுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம். நடந்து கிட்டே போங்கள்.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

போனவுடன் எடுக்கத் தொடங்காமல் இடத்தை ஒரு முழுச் சுற்று வாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னணி எங்கே சுத்தமாக இருக்கிறது, ஆட்கள் எந்த வழியாக வந்து போகிறார்கள் என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

ஒரு பழைய படகுத்துறை என்று வைத்துக்கொள்வோம். முதல் படம் அகலமாக, 24 மி.மீ.யில், கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து. மறுகரை, துறை, படகு மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் உயரம். சட்டகத்தை அமைத்துவிட்டு, படகு உள்ளே வரும்வரை காத்திருந்து, அதன் முன்னால் இன்னும் போக இடம் இருக்கும்போதே எடுங்கள். இரண்டாவது படம் 50 மி.மீ.யில், கயிறு கட்டுபவரிடமிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில், அவருடைய சம்மதத்தோடு. முகத்தைவிடக் கையும் தோளும் வேலை செய்யும் விதம் தெரியட்டும். மூன்றாவது, கட்டுத்தறியில் சுற்றிய கயிறு மட்டும். மண்டியிட்டு, எஃப்/5.6-இல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் கயிறு தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு புரியும், அதில் ஒட்டிய உப்பும், தறியில் கயிறு அறுத்த தழும்பும் எழுந்து நிற்கும். நான்காவதற்கு, அப்படியே திரும்பி நின்று முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படகுக்குக் காத்திருப்பவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

இங்கே வழக்கமாகக் கெடுவது இரண்டு. தலையிலிருந்து கம்பம் முளைத்தது போல் பின்னணி வந்து ஒட்டிக்கொள்ளும்; அரை அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் சரியாகும். எல்லாப் படமும் நின்ற கண்மட்டத்திலேயே இருக்கும். மூன்றில் ஒன்றையாவது உட்கார்ந்து எடுங்கள்.

படி 7: மனிதர்கள்

சுற்றுலா எட்டாத இடங்களில் இருப்பவர்கள் கேமராவுக்குப் பழகியவர்கள் அல்ல. தொலைவில் ஒளிந்து நீள லென்ஸில் எடுப்பது திருட்டுத்தனமாகத்தான் தெரியும்; படத்திலும் அது தெரியும். கேமராவை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு கிட்டே போங்கள். வணக்கம் சொல்லி, அவர் செய்யும் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு கேமராவைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெரியவர்களிடம் கேளுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் கண்டிப்பாக அனுப்புங்கள். அனுப்பாமல் போனவர்களால் அடுத்து வருகிறவருக்குக் கதவு மூடிக்கொள்ளும்.

எல்லைச் சாவடி, ராணுவ இடம் ஆகியவற்றைப் படம் எடுப்பது பல நாடுகளில் குற்றம். சில நாடுகளில் பாலமும் விமான நிலையமும்கூட. ட்ரோனுக்குத் தனி விதிகள் உண்டு. 250 கிராம் பல நாடுகளில் எல்லைக்கோடு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில், பொம்மை வகை அல்லாத ட்ரோனில் கேமரா இருந்தால் அதற்குக் குறைந்த எடையிலும் இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். போகும் நாட்டின் விதியைப் புறப்படும் முன்பே படித்துவிடுங்கள்.

படி 8: ஆபத்தும் ஈரமும்

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கைபேசியில் 30 சதவீதம் சார்ஜ் திரும்பும் வழிக்கானது, அதைத் தொடாதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால் காய்ந்த ஓடையிலும் வெள்ளம் வரும், உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும்.

கடற்கரைப் பாறைகளுக்குப் போகிறவர்கள் ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்கள்) பார்க்காமல் போகக்கூடாது. பல கரைகளில் ஓர் உயர் ஓதத்திலிருந்து அடுத்ததற்கு 12 மணி 25 நிமிடம் ஆகும். அதாவது ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பத்திரமாக நின்ற பாறை இன்று அதே நேரத்தில் தண்ணீரால் சூழப்பட்டிருக்கலாம். நீர் வடியும்போது போய், தாழ்நிலைக்கு முன்பே திரும்பத் தொடங்குங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரப்பதமான வெளிக்காற்றுக்குக் கேமராவை எடுத்துவந்தால் கண்ணாடியில் உடனே நீர் பூக்கும். அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்த பிறகு 30 முதல் 60 நிமிடம் திறக்காமல் விடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். சூரிய உதயத்துக்குப் போகிறவர்கள் இந்த நேரத்தையும் சேர்த்தே எழுந்திருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் லென்ஸைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில், 40–50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். 60-ஐத் தாண்டி நெடுநாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

படி 9: இரவு வேலை

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைய படங்களை அன்றே வெளிவட்டுக்கு (எக்ஸ்டர்னல் டிரைவ்) நகலெடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது நெடுநாள் விதி. பயணத்தில் கார்டு, வெளிவட்டு, முடிந்தால் இணையச் சேமிப்பு. கார்டும் வெளிவட்டும் ஒரே பையில் இருக்கக்கூடாது. இரண்டு பிரதி வேறு இடத்தில் சேரும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

பிறகு பத்துப் படங்களை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது, ஷட்டரை ஏற்றுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 விநாடி என்பது பழைய கணக்கு, இன்றைய சென்சார்களுக்கு 1/100 பாதுகாப்பு. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் கலங்கி, அசைந்த தடமும் தெரிந்தால் அசைந்தது அவர்தான்; 1/250-க்குப் போங்கள். எந்தத் தடமும் இல்லாமல் ஆளுக்குப் பின்னாலிருக்கும் சுவர் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கோ, ஆளின் கண்ணைத் தானே பிடிக்கும் ஃபோகஸுக்கோ மாறுங்கள். இதை முதல் இரவே செய்தால் மீதி இரண்டு நாள் தப்பிக்கும். இடத்தின் பெயர், நடந்த வழி, பேசியவரின் வேலை ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். மறுநாள் எல்லாம் கலந்துவிடும்.

படி 10: பகிர்வது

மூன்று நாளிலிருந்து பன்னிரண்டு படங்கள் போதும். பறவைக் கூடு, சின்ன ஈரநிலம், பழம்பாறை ஓவியம் போன்ற எளிதில் சிதையும் இடங்களுக்குச் சரியான இருப்பிடத்தைச் சொல்லாதீர்கள்; மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். படக் கோப்புக்குள் ஜிபிஎஸ் குறிப்பு ஒட்டியிருக்கும். கைபேசிக் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்தால் புதுப்படங்களில் அது வராது. ஏற்கெனவே எடுத்தவற்றில் பகிரும் முன் நீக்க வேண்டும். குறிப்பாக, குறுஞ்செய்திச் செயலிகளில் படத்தை ஆவணமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பும் அப்படியே போகும்.

கடைசியாக, புறப்படும் முன் குறித்த அந்த வரைபடத்தைத் திறந்து திருத்துங்கள். ‘மாலை’ என்று எழுதியது உண்மையில் காலை இடமாக இருக்கலாம். பாதை மூடப்பட்டிருந்தால், புதிய வழி கிடைத்திருந்தால், அது எல்லோரும் போகத்தக்க பொதுவழியாகவும் இருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சேர்த்துவிடுங்கள். இலவசக் கணக்கு ஒன்றும் பத்து நிமிடமும் போதும்.